கூட்டாளிக்குள்ளே பாண்

ஆங்கிலச் சொல்வதெழுதலுக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகும் மாலை வேளைகளில் நம் வீடுகளில் ஒரே மாதிரியான ஓசைதான் கேட்கிறது. "ஈ, டீ, யூ, சீ, ஏ, ரீ..." என்று எழுத்தெழுத்தாகப் பிள்ளை மனனம் செய்துகொண்டிருக்கும். பத்து எழுத்துக்கு மேற்பட்ட சொல் வந்துவிட்டால் நா தடுமாறும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அடுப்படியில் நிற்கும் தாயின் காதில் அது விழும். உதவிக்குப் போக மனம் உந்தும். ஆனால், "எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே" என்ற எண்ணம் அவரை அங்கேயே நிறுத்திவிடும்.

பிள்ளைக்கும் தாய்க்கும் இடையில் இப்படி ஒரு சுவர் எழும்புவது சின்ன விடயமல்ல. ஆறாம், ஏழாம் வகுப்பில் எழும்பும் அந்தச் சுவர் பிறகு எல்லாப் பாடங்களுக்கும் நீண்டு விடுகிறது. "உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. தாயும் அதை நம்பிவிடுகிறார். இருபத்தாறு ஆங்கில எழுத்துகளை மட்டும் அடையாளம் காணக்கூடிய ஒரு தாய் இந்தச் சுவரில் ஒரு வாசல் திறக்கலாம் என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் ஆங்கில ஆசிரியனல்லன். அரபுக் கல்லூரியில் ஓதி வெளியேறிப் பாடசாலையில் கற்பிக்க வந்த பிறகுதான் ஆங்கிலத்தோடு எனக்கு நெருக்கம் ஏற்பட்டது. ஆனால் அரபு இலக்கணத்தில் ஸர்புப் பாடம் படித்த எவருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொல்லைக் கண்டால் அதன் உடுப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் மூல எழுத்துகள் எவை என்று பார்க்கும் பழக்கம் அது. அந்தக் கண்ணோடு நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பார்த்தபோது, வேறு வேறு சொற்களுக்குள் ஒரே எழுத்துத் தொடர் ஒளிந்திருப்பதைக் கண்டேன். சொல் விளையாட்டுக்காரர்கள் தேடித் திரிவதும் இதைத்தான் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

வாசகச் சகோதரிகள் ஒரு துண்டுக் கடதாசியையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துகளின் பெயர்களை இங்கே தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அப்போதுதான் விடயம் கண்ணுக்குத் தெரியும்.

பூனையும் எலியும்

சீ, ஏ, ரீ என்ற மூன்று எழுத்துகளும் சேர்ந்தால் பூனை. இது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இனி 'எடியுகேஷன்' என்ற சொல்லை எழுதுங்கள். நடுவில் பூனை உட்கார்ந்திருக்கிறது. 'வெகேஷன்', 'எப்ளிகேஷன்', 'கொம்யூனிகேஷன்', 'சேர்ட்டிபிகேட்' எல்லாவற்றிலும் அதே பூனைதான். படிப்பிலும் பூனை, விடுமுறையிலும் பூனை, படித்து முடித்து வாங்கும் சான்றிதழிலும் பூனை!

பூனை இருக்குமிடத்தில் எலி இல்லாமற் போகுமா? ஆர், ஏ, ரீ என்று தேடுங்கள். 'ஒபரேஷன்' என்ற சொல்லில் ஓர் எலி. 'லெபோரட்டரி'யில் ஓர் எலி. சாப்பாட்டைப் பாதுகாக்க வாங்கி வைத்திருக்கும் 'ரெப்ரிஜரேட்டர்' உள்ளேயும் ஓர் எலி. 'செபரேட்' என்ற சொல்லில் நடுவே ஏ வருமா ஈ வருமா என்று தடுமாறாத மாணவர் குறைவு. "அதற்குள் ஓர் எலி இருக்கிறது" என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும். எலிக்கு முன்னால் நிற்பதும் ஏதானே? அதன்பின் பிள்ளை தவறவிடாது.

'எலிபன்ட்' இன்னும் வேடிக்கை. ஏ, என், ரீ என்றால் எறும்பு. அந்த எறும்பு யானையின் வாலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நம் தமிழ்க் காதுக்குச் சொல்லின் தொடக்கத்தில் கேட்பதோ எலி. காதில் எலி, எழுத்தில் எறும்பு, பொருளில் யானை! இதைச் சொன்னால் சிரிக்காத பிள்ளை இல்லை. சிரித்துப் படித்த சொல் மறப்பதுமில்லை.

சில சொற்களில் தலையும் வாலும் ஒன்றாகவே இருக்கும். 'அண்டர்கிரவுண்ட்' யூ, என், டீ என்று தொடங்கி அதே மூன்று எழுத்துகளில் முடிகிறது. 'என்டர்டெயின்மன்ட்' ஈ, என், ரீ என்று தொடங்கி அப்படியே முடிகிறது. சமையலறையிலிருந்தே ஓர் உதாரணம் வேண்டுமா? வெங்காயத்துக்கான 'அனியன்' என்ற சொல்லை எழுதுங்கள். ஓ, என் என்று முன்னாலும், ஓ, என் என்று பின்னாலும். நடுவில் ஒரேயொரு ஐ.

இவையெல்லாம் தற்செயலாக அமைந்தவை. எடியுகேஷனுக்கும் பூனைக்கும் எந்த உறவும் கிடையாது. 'வளர்த்தெடுத்தல்' என்ற கருத்துள்ள லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நம் பிள்ளையின் சாயலில் இருப்பது போன்றதுதான் இது. எழுத்துக் கூட்டலை நினைவில் வைக்க இந்த ஒற்றுமை உதவும். அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

சொந்தக்காரச் சொற்கள்

சில ஒற்றுமைகள் அப்படிப்பட்டவை அல்ல. அங்கே உண்மையிலேயே இரத்த உறவு இருக்கிறது.

கூட்டாளியைக் குறிக்கும் 'கொம்பேனியன்' என்ற சொல்லை எழுதுங்கள். நடுவில் பீ, ஏ, என் என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றன. லத்தீன் மொழியில் 'பானிஸ்' என்றால் ரொட்டி. 'கொம்' என்றால் உடன். உடனிருந்து ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவரே 'கொம்பேனியன்'. 'கொம்பனி' என்ற சொல்லும் அந்த வயிற்றில் பிறந்ததுதான். கொழும்பில் நாம் கொம்பனித் தெரு என்கிறோமே, அந்தப் பெயருக்குள்ளும் ஒரு ரொட்டி இருக்கிறது. சாப்பாட்டுச் சாமான்கள் வைக்கும் 'பேன்ட்ரி' என்ற அறையும் ஆதியில் ரொட்டி வைக்கும் அறைதான்.

இதில் நமக்கு ஒரு தனிச் சொந்தம் உண்டு. காலையில் கடைக்கு ஆளனுப்பி நாம் வாங்கும் பொருளை எப்படி அழைக்கிறோம்? 'பாண்' என்கிறோம். 1505இல் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல் அது. அவர்களுடைய மொழி லத்தீனின் பிள்ளை. ஆகவே நம் மேசையிலுள்ள பாணும், 'கொம்பேனியன்' என்ற சொல்லின் நடுவிலுள்ள மூன்று எழுத்துகளும் ஒரே தாயின் மக்கள். ஆங்கிலம் அறியாத தாய் என்று எவரைச் சொல்கிறோமோ, அவருடைய வாயில் அந்த மூலச்சொல் ஒவ்வொரு நாளும் புழங்குகிறது.

ஆனால் பீ, ஏ, என் வருமிடமெல்லாம் பாண் என்று எண்ணிவிடலாகாது. 'பேன்கேக்' என்பதில் வரும் அதே மூன்று எழுத்துகள் தாச்சியைக் குறிக்கின்றன. 2020இல் கொரோனாக் காலத்தில் எல்லோர் வாயிலும் வந்த 'பேன்டெமிக்' என்ற சொல்லில் அவை கிரேக்க மொழிச் சொல்லொன்று, 'எல்லாம்' என்று பொருள். எழுத்து மூன்று, குடும்பமும் மூன்று.

அந்தச் சொல்லின் பின்பாதியையும் பாருங்கள். டீ, ஈ, எம், ஐ, சீ என்ற ஐந்து எழுத்துகளும் 'பேன்டெமிக்', 'எபிடெமிக்', 'என்டெமிக்', 'எக்கடெமிக்' ஆகிய நான்கிலும் அப்படியே வருகின்றன. முதல் மூன்றும் உடன்பிறப்புகள். 'டெமொஸ்' என்றால் கிரேக்கத்தில் மக்கள். எல்லா மக்களையும் பிடிப்பது ஒன்று, மக்களிடையே பரவுவது ஒன்று, ஓரிடத்து மக்களோடேயே தங்கிவிடுவது ஒன்று. 'டிமொக்ரசி' என்ற மக்களாட்சியும் இவர்களுக்குச் சொந்தம்தான். நான்காவதாக நிற்கும் 'எக்கடெமிக்' மட்டும் அந்நியர். அது ஏதென்ஸ் நகரில் பிளேட்டோ கற்பித்த சோலையின் பெயரிலிருந்து வந்தது. ஐந்து எழுத்தும் ஒன்றாக இருந்தும் உறவில்லை!

அரபு அகராதியின் வழி

சொந்தத்தையும் சாயலையும் பிரித்தறியும் இந்த வேலை, அரபு படித்தவர்களுக்குப் புதிதல்ல. கிதாப், காதிப், மக்தப், மக்தூப் என்ற சொற்களைப் பாருங்கள். நூல், எழுதுபவர், எழுதும் இடம், எழுதப்பட்டது. நான்கிலும் காப், தா, பா என்ற மூன்று எழுத்துகள் அதே வரிசையில் இழையோடுகின்றன. பழைய முறையில் தொகுத்த அரபு அகராதியில் இவை அனைத்தும் மூல எழுத்தின் கீழ் ஒரே வீட்டில் குடியிருக்கும். ஆங்கில அகராதியிலோ முதலெழுத்தே வாசல். 'கொம்பேனியன்' சீ தெருவில், 'பேன்ட்ரி' பீ தெருவில், 'எக்கொம்பனி' ஏ தெருவில். உறவினர்கள் ஒருவரையொருவர் காணாமல் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களைத் தேடி ஒன்றுசேர்ப்பது நம் வேலை.

எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பதும் பழைய கலைதான். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த அறிஞர் கலீல் இப்னு அஹ்மத், 'கிதாபுல் ஐன்' என்ற அகராதிக்கு அமைத்த திட்டம் வியப்பானது. மூன்று எழுத்துகளை எடுத்தால் ஆறு விதமாக அடுக்கலாம். நான்கு எழுத்துகளை 24 விதமாகவும், ஐந்தை 120 விதமாகவும் அடுக்கலாம். அவ்வாறு அடுக்கி, எவை வழக்கில் உள்ளன, எவை வழக்கில் இல்லை என்று பிரித்தார். இன்று எழுத்துக் கட்டைகளை முன்னால் வைத்துக்கொண்டு பிள்ளைகள் செய்வதும் இதே வேலைதானே!

பலகையில் பதினைந்து கட்டங்கள்

'ஸ்க்ரபிள்' என்ற விளையாட்டு நம் நாட்டில் பாடசாலைகளிலும் பல வீடுகளிலும் விளையாடப்படுகிறது. இதை அமைத்தவர் அல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்திருந்தபோது, பத்திரிகைகளைப் பிரித்துவைத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அதன்படியே 100 கட்டைகளைப் பங்கிட்டார். ஈ என்ற எழுத்துக்குப் பன்னிரண்டு கட்டைகள். கியூ, இஸட் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. எஸ் எழுத்துக்கு நான்கு மட்டுமே. அதிகம் கொடுத்தால் எல்லாச் சொல்லின் பின்னாலும் அதை ஒட்டிப் பன்மையாக்கி எளிதாகப் புள்ளி எடுத்துவிடுவார்கள் அல்லவா? 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதற்கு 'ஸ்க்ரபிள்' என்ற பெயரைப் பதிந்தார்.

பலகையில் குறுக்கே 15 கட்டங்கள், நெடுக்கே 15 கட்டங்கள். கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே தடவையில் வைத்தால் 50 புள்ளி மேலதிகம். ஆகையால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஐ, என், ஜீ போன்ற வால்களையும், ஆர், ஈ போன்ற தலைகளையும் கண்டதும் பக்கத்தில் ஒதுக்கி வைப்பார்கள். மீதி எழுத்துகளில் உடம்பு கிடைத்தால் சொல் முழுமையாகிவிடும். நீண்ட சொல்லை அவர்கள் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகவே பார்க்கிறார்கள்.

இதற்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டியதில்லை. உலக ஆங்கில ஸ்க்ரபிள் போட்டியில் 2003இலும் 2009இலும் வென்றவர்கள் தாய்லாந்து நாட்டவர்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சட்ஸ் இதையும் மிஞ்சினார். பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மனனம் செய்து, 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் முதலிடம் பெற்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். எழுத்தை அறிவது ஒன்று, பொருளை அறிவது வேறொன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவருக்கு எழுத்து போதும், அது விளையாட்டு. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.

மருத்துவமனைத் துண்டில் ஒரு சொல்

இரண்டும் ஏன் வேண்டும் என்பதை எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் மூத்த சகோதரி ஒரு சத்திர சிகிச்சை முடிந்து வீடு வந்திருந்தார். பித்தப்பையில் கல் என்றுதான் அவருக்குத் தெரியும். கையில் கொடுத்தனுப்பிய டயக்னோஸிஸ் கார்டில் நீண்ட ஒரு சொல் இருந்தது. 'கொலிசிஸ்டெக்டமி'. எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினைந்து எழுத்துகள், ஸ்க்ரபிள் பலகையின் முழு அகலம்.

"தம்பி, கல்லு எண்டுதானே சொன்னாங்க? இதென்ன புதுசா ஒரு நோய் எழுதியிரிக்கி?" என்று கேட்டார். இரண்டு நாளாக எவரிடமும் சொல்லாமல் அதை எண்ணி எண்ணிச் சாப்பாடும் இறங்காமல் இருந்திருக்கிறார்.

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. சிறு வயதில் அவளுக்கு டொன்சில் எடுத்திருந்தோம். கார்டை வாங்கிப் பார்த்தவள், சொல்லின் கடைசி ஆறு எழுத்துகளில் விரலை வைத்தாள். ஈ, சீ, ரீ, ஓ, எம், வை. "மாமி, எண்ட கார்டுலயும் இதே வால்தான் இரிந்த. டொன்சிலெக்டமி. இது நோய்ட பேரில்ல மாமி, வெட்டி எடுத்ததுக்குச் சொல்ற பேர்" என்றாள். மீதியை அகராதியில் தேடினோம். 'கொலி' என்றால் பித்தம், 'சிஸ்ட்' என்றால் பை. பித்தப்பையை வெட்டி எடுத்தல். அவ்வளவுதான். புதிய நோய் எதுவுமில்லை. சகோதரி அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டார்.

இந்த வால்கள் பெண்களுக்கு மிகவும் பயன்படுபவை. ஐ, ரீ, ஐ, எஸ் என்று ஒரு நோயின் பெயர் முடிந்தால் அது பெரும்பாலும் அழற்சியைக் குறிக்கும். 'ஹெபடைடிஸ்' ஈரலில், 'ஆர்த்ரைடிஸ்' மூட்டில், 'எபென்டிசைடிஸ்' குடல்வாலில். ஓ, எஸ், ஐ, எஸ் என்று முடிபவை பல நோய் நிலைமைகளைக் குறிக்கும். 'டியூபர்குளோஸிஸ்' என்ற காசநோய் அவற்றில் ஒன்று. ஆனால் அந்தக் கார்டின் தலைப்பிலுள்ள 'டயக்னோஸிஸ்' என்ற சொல்லும் அதே நான்கு எழுத்துகளில்தான் முடிகிறது. அது நோயல்ல, நோயைக் கண்டறிதல். இங்கேயும் சொந்தம் எது, சாயல் எது என்று பார்க்கத்தான் வேண்டும். சொல்லைப் பிரித்தறிவது வீண் பயத்தை நீக்கும். வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் காட்டும். வைத்தியரின் விளக்கத்துக்கு அது மாற்றாகாது.

உலகின் மிக நீண்ட ஆங்கிலச் சொற்களில் ஒன்றுக்கு 45 எழுத்துகள். 1935இல் அமெரிக்காவின் சொற்புதிர்க்காரர் சங்கத் தலைவர் ஒருவர் வேடிக்கையாக உருவாக்கியது. பின்னர் பெரிய அகராதிகளிலும் ஏறிவிட்டது. 'நியூமோனோ - அல்ட்ரா - மைக்ரோஸ்கோபிக் - சிலிக்கோ - வல்கேனோ - கோனி - ஓஸிஸ்'. நுரையீரல், மிகமிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய். நுண்ணிய தூசியைச் சுவாசிப்பதால் நுரையீரலில் வரும் நோய் என்று பொருள். பிரித்து வைத்தால் ஏழு சிறு துண்டுகள். மொத்தமாகப் பார்த்தால்தான் மலை.

வீட்டில் செய்யக்கூடியது

ஸ்க்ரபிள் பலகை இல்லாத வீட்டிலும் இதை விளையாடலாம். ஒரு பழைய கொப்பியும் பாடப் புத்தகமும் போதும். தாய் ஏதாவது மூன்று எழுத்துகளைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அந்த மூன்றும் அதே வரிசையில் வரும் நீண்ட சொற்களைத் தேட வேண்டும். எழுத்துக்கு ஒரு புள்ளி. சொல்லின் பொருளையும் சொன்னால் புள்ளி இரட்டிப்பு. புள்ளி எண்ணுவது தாயின் பொறுப்பு. அதற்கு ஆங்கில உச்சரிப்புத் தெரிய வேண்டியதில்லை, எழுத்துகளை எண்ணத் தெரிந்தால் போதும்.

கொப்பியின் நடுவில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கத்துக்கு 'சொந்தம்' என்றும், மறு பக்கத்துக்கு 'அயல்' என்றும் பெயரிடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எந்தப் பக்கத்தில் போடுவது என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "ஏன் அப்படிச் சொல்கிறாய்? அகராதியில் பார்த்துச் சொல்" என்று கேட்பதே போதுமானது. ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் செய்வதும் பாதி இதுதான்.

எங்கள் மாணவர் ஒருவரின் தாய் இந்த விளையாட்டைத் தொடங்கி மூன்று மாதங்களின் பின் என்னிடம் வந்து, "மௌலவி, இப்ப பிள்ள எனக்குப் படிச்சித் தாரான்" என்றார். மகன் பாடசாலையில் புதிதாகக் கண்ட சொல்லை எழுதி வந்து, "உம்மா, இது சொந்தமா அயலா, கண்டுபிடிங்க பாப்பம்" என்று கேட்கிறானாம். அவர் சில வேளை சரியாகச் சொல்கிறார், சில வேளை பிழைக்கிறது. பிழைத்தால் இருவரும் சேர்ந்து அகராதியைத் திறக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்தத் தாய், அகராதியில் சொல் தேடும் முறையை மகனிடமிருந்து இப்போது கற்றுக்கொண்டிருக்கிறார்.

முதல் நாளுக்கு எந்த மூன்று எழுத்துகளைக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டாம். பீ, ஏ, என் என்று கொடுங்கள். பாணை மேசையில் வைத்துவிட்டே தொடங்குங்கள்.